மலிவு ஒயினில் ருசி பழக முடியுமா? மூன்று பாட்டிலா, ஒரு நல்ல பாட்டிலா?

பாக்குநீரிணை எழுதியது:
மண்டபத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வயது 34. போன மாதம் மதுரை போனபோது டாஸ்மாக் எலைட் கடையில் மூன்று ஒயின் பாட்டில் வாங்கினேன். மூன்றுமே விலைப்பட்டியலின் அடியில் கிடந்தவை. நாசிக்கில் செய்த ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின், ஷிராஸ் என்ற சிவப்பு, அப்புறம் லேபிளில் 'போர்ட்' என்று போட்ட இனிப்புச் சிவப்பு. போதைக்காக வாங்கவில்லை. இத்தனை பேர் இத்தனை பேசுகிறார்களே, அந்த ருசி நமக்குப் பிடிபடுமா என்று பார்க்கத்தான்.

மூன்று எவர்சில்வர் டம்ளரில் தலா முப்பது மில்லி ஊற்றி வரிசையாக வைத்துக் குடித்தேன். ஷெனின் பச்சை மாங்காயைக் கடித்ததுபோல எச்சில் ஊற வைத்தது. ஷிராஸ் பாக்கு மென்ற வாய்போல ஈறைப் பிடித்து இழுத்தது. போர்ட் திராட்சை சர்பத்தேதான். தனித்தனியாகக் குடித்திருந்தால் 'ஒயின்' என்பதற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்காது. பக்கத்தில் வைத்ததால்தான் புளிப்பு எது, துவர்ப்பு எது என்று பிரிந்தது.

கூட வேலை பார்ப்பவன், இந்தக் காசைச் சேர்த்து ஒரே ஒரு நல்ல பாட்டில் வாங்கியிருக்கலாம் என்கிறான். நான் மூன்று மலிவு பாட்டில் கட்சி. நீங்கள்?

பாம்பன்_ஸ்டூவர்ட் எழுதியது:
பயணிகள் கப்பலில் பதினோரு வருடம் ஒயின் பரிமாறியவன் நான். உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி, தம்பி. ஐஸில் ஒரு வாரம் கிடந்த சீலா மீனை மட்டுமே தின்றவனுக்குச் சீலாவின் ருசி என்ன தெரியும்? மலிவு ஒயினில் கொஞ்சம் சர்க்கரையை விட்டு எல்லாக் குறையையும் மூடிவிடுவார்கள். திராட்சை எந்த ரகம், எந்த ஊர் என்பதெல்லாம் அதில் கரைந்துபோகும். ஒரு நல்ல பாட்டிலை ஒரு முறை குடித்தால் நாக்கில் அளவுகோல் விழும். அதற்குப் பிறகு மலிவைக் குடித்தால் எது குறைகிறது என்று தானாகத் தெரியும்.

பாக்குநீரிணை எழுதியது:
அண்ணே, 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. விலையைச் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முறை சோதித்துப் பார்த்தார்கள். சாதாரண மக்களுக்கு விலை கூடிய ஒயின் அதிகம் பிடிக்கவில்லை, சொல்லப்போனால் ஒரு மயிரிழை குறைவாகத்தான் பிடித்தது. அப்படியிருக்க அந்த 'அளவுகோல்' விலையில் எப்படி வரும்?

பாம்பன்_ஸ்டூவர்ட் எழுதியது:
அதே ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஒயினில் பயிற்சி எடுத்தவர்களிடம் கணக்கு மறுபக்கம் சாய்ந்தது. அவர்களுக்கு விலை கூடியது பிடித்திருக்கிறது. நீங்கள் பழக ஆசைப்படுகிறவர்தானே? அப்படியானால் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

பாக்குநீரிணை எழுதியது:
சரி, அந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஆனால் அவர்களும் பிறக்கும்போதே பயிற்சியோடு பிறக்கவில்லையே. அந்தப் பயிற்சியை எதில் எடுப்பது என்பதுதான் என் கேள்வி.

சாயல்குடி_பனை எழுதியது:
இரண்டு பேரும் யாரோ செய்ததற்குச் சண்டை போடுகிறீர்கள். ருசி பழக நாசிக் எதற்கு? என் தாத்தா பட்டையில் ஊற்றிய பதநீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, கலயத்தில் சுண்ணாம்பு கூடிவிட்டதா, பாளை கிழடா, விடியலில் இறக்கியதா, வெயில் ஏறி இறக்கியதா எல்லாம் சொல்வார். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அதே சாறு காலையில் இனிக்கும், மத்தியானம் நுரைக்கும், சாயங்காலம் புளிக்கும். ஈஸ்ட் என்ன செய்கிறது என்பதை ஒரே பகலில் மூன்று ருசியாகக் காட்டுகிற பானம் அது. 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. மாநில மரம் என்று பனைக்குப் பட்டம் கொடுத்துவிட்டு அதன் பாளையைத் தொட்டால் வழக்கு. ஆனால் கண்ணாடி பாட்டிலில் வந்தால் அது ரசனை!

அழகன்குளம்_ஓடு எழுதியது:
இடையில் ஒரு வார்த்தை. இந்தக் கடற்கரைக்கு ஒயின் புதிதில்லை. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பெண்கள் பொற்கலத்தில் பாண்டியனுக்கு ஊற்றித் தந்ததைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு பேசுகிறது.

சாயல்குடி_பனை எழுதியது:
பாண்டியன் குடித்தான், சரி. சாடியைத் தோணியிலிருந்து தூக்கி இறக்கியவன் சாயங்காலம் என்ன குடித்திருப்பான்?

வாலிநோக்கம்_அக்கா எழுதியது:
நான் சண்டைக்கு வரவில்லை. என் அப்பா குடித்தே போனவர், அதனால் படித்துவிட்டு நகர முடியவில்லை. பாக்குநீரிணை தம்பி, 'ஒயின்தானே, பழச்சாறு மாதிரி' என்று சொல்கிற ஆட்களை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கிறேன். கணக்கு எழுதுகிறவர்தானே, போட்டுப் பாருங்கள். 750 மில்லி பாட்டில், 12.5 சதவீதம் என்றால் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 94 மில்லி. 42.8 சதவீத பிராந்தி குவாட்டர் ஒன்றில், அதாவது 180 மில்லியில், 77 மில்லிதான். அதாவது ஒரு பாட்டில் ஒயினை முடித்தவன் குவாட்டர் அடித்தவனைத் தாண்டிவிட்டான். உடம்புக்குப் பாதகமில்லாத அளவு என்று ஒன்று மதுவில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. இதயத்துக்கு நல்லது என்று யாராவது இங்கே ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும்.

பாக்குநீரிணை எழுதியது:
அக்கா, நீங்கள் சொன்ன கணக்கை நான் போட்டுப் பார்க்காமலே இருந்தேன் என்பதுதான் உண்மை. மூன்று டம்ளரும் சேர்ந்தால் 90 மில்லி, அதில் ஆல்கஹால் 11 மில்லி. வாரம் ஒரு நாள். அதற்கு மேல் போனால் இங்கேயே வந்து சொல்லிவிடுகிறேன், திட்டுங்கள். நல்லது என்று நான் எங்கும் சொல்ல மாட்டேன்.

பாம்பன்_ஸ்டூவர்ட் எழுதியது:
அக்கா சொன்னதில் எனக்கும் மறுப்பில்லை. தொழில்முறையில் ருசி பார்க்கிறவர்கள் துப்பிவிடுவார்கள், விழுங்குவதில்லை. அதையும் பழகலாம்.

இப்போது தம்பிக்கு ஒரு சவால். சிவப்பையும் வெள்ளையையும் ஒரே அளவு குளிர வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு எது எது என்று சொல்லுங்கள். பிரான்சின் போர்தோவில் ஒயின் படிக்கிற மாணவர்கள் 54 பேரிடம் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற மணங்களையே அவர்களும் வரிசையாகச் சொன்னார்கள். 2001இல் வெளிவந்த ஆய்வு. உங்கள் மாங்காயும் பாக்கும் கண் சொன்னதா, நாக்கு சொன்னதா என்று பார்ப்போம்.

பாக்குநீரிணை எழுதியது:
செய்துவிட்டேன். ஞாயிறு மத்தியானம். வீட்டில் அவள் ஊற்றினாள், கண்ணில் துண்டு. மூன்று சுற்று.

போர்ட் மூன்று தடவையும் சரி, அதில் பெருமை இல்லை, சர்க்கரை காட்டிக்கொடுத்துவிட்டது. ஷெனினையும் ஷிராஸையும் முகர்ந்து சொன்னதில் முதல் சுற்றிலேயே தப்பு. குளிரில் இரண்டிலும் வாசமே எழும்பவில்லை. ஆனால் வாயில் விட்டு ஒரு நிமிடம் வைத்ததும் ஈறு இறுகியது ஷிராஸ், எச்சில் ஊறியது ஷெனின். மூன்றுக்கு மூன்று. மூக்கு தோற்றது, ஈறு ஜெயித்தது. அந்தத் துவர்ப்பு திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவதாம். வெள்ளை ஒயினில் தோலைப் பிரித்துவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்க வைப்பதால் அது இல்லை. இதைக் கற்றுக்கொடுத்தது மலிவு பாட்டில்தான் அண்ணே.

அப்புறம் சாப்பாடு. எலுமிச்சை பிழியாமல் வறுத்த நகரை மீனோடு ஷெனின் பிரமாதம், எலுமிச்சையின் வேலையை அதுவே பார்த்தது. மீன் குழம்போடு ஷிராஸ் வைத்தேன், வாயில் துருப்பிடித்த ஆணி வாசமும் கவிச்சியும். முண்டு மிளகாய் அரைத்துப் போட்ட நண்டு வறுவலோடு ஷிராஸ் எரிகிற வீட்டில் எண்ணெய் விட்டதுபோல. அந்த நண்டோடு ஒத்துப்போனது யார் தெரியுமா? போர்ட்.

பாம்பன்_ஸ்டூவர்ட் எழுதியது:
கவிச்சி வந்தது உங்கள் தப்பில்லை. சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீனோடு சேர்ந்தால் அந்த வாடை எழும் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். காரத்தை ஆல்கஹாலும் துவர்ப்பும் ஏற்றிவிடும், இனிப்பு தணிக்கும். அதனால் நண்டோடு ஜெயித்தது போர்ட் இல்லை, சர்க்கரை. அதை ஒயினின் திறமை என்று எழுதாதீர்கள்.

புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு மூன்றையும் பிரிக்க மலிவு போதும், ஒத்துக்கொள்கிறேன். வாசத்துக்கு முடியாது. ஷிராஸில் மிளகு வாசம் வரும் என்பார்கள். உங்கள் பாட்டிலில் வந்ததா? அதற்கு நல்ல பாட்டில்தான் வேண்டும். இந்த இடத்தில் நான் இறங்கி வர மாட்டேன்.

பாக்குநீரிணை எழுதியது:
மிளகு வரவில்லை. ஆனால் அதற்குப் பாட்டில் காரணமா, மதுரையிலிருந்து பைக் பெட்டியில் வெயிலில் வெந்து வந்தது காரணமா? மே மாதம், உச்சிப்புளியில் நிறுத்தி ஒரு மணி நேரம் கல்யாண வீட்டில் இருந்தேன். அந்த முட்டாள்தனம் என்னுடையது. நீங்கள் சொல்கிற விலையுயர்ந்த பாட்டிலும் அதே பெட்டியில்தான் வரும்.

பாம்பன்_ஸ்டூவர்ட் எழுதியது:
பைக் பெட்டியிலா! அட பாவி. அடுத்த தடவை ராத்திரி பஸ்ஸில், ஈரத் துணி சுற்றிக் கொண்டுவாருங்கள். சிவப்பை 'அறை வெப்பத்தில்' வைக்கச் சொல்வது ஐரோப்பாக்காரன் அறைக்கு, 16, 18 டிகிரி. மண்டபத்து அறைக்கு இல்லை. குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

சாயல்குடி_பனை எழுதியது:
ஈரத் துணி, ராத்திரி பஸ், ஃபிரிட்ஜ், கண்ணில் துண்டு. நண்டுக்கு இனிப்புதான் பொருத்தம் என்று கடைசியில் முடிவு. என் வீட்டுக்கு வாருங்கள், கருப்பட்டித் துண்டு ஒன்று தருகிறேன், கடித்துக்கொண்டு நண்டைத் தின்னுங்கள்.

பாக்குநீரிணை எழுதியது:
வருகிறேன் அண்ணே, விடியலில் இறக்கிய பதநீரும் எடுத்து வையுங்கள், அதையும் கண்ணைக் கட்டிக்கொண்டே குடித்துப் பார்க்கிறேன். அதற்குள் யாராவது ஒன்று சொல்லுங்கள்: திறந்த ஷெனின் பாதி பாட்டில் மிச்சம் இருக்கிறது, நேற்று ராத்திரி கரண்ட் நான்கு மணி நேரம் இல்லை. இனி குடிக்கலாமா, குழம்பில் ஊற்றிவிடலாமா?

வாலிநோக்கம்_அக்கா எழுதியது:
குழம்பில் ஊற்றாதே தம்பி. புளி வாங்கக் காசு இல்லையா?