போலோ ஜிடி: முன்னால் இரண்டு நல்ல டயரா, நான்கும் நடுத்தரமா? (பட்ஜெட் 30,000)

பாளை டர்போ

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2018 போலோ ஜிடி டிஎஸ்ஐ, போன வருஷம் செகண்ட்ஸில் வாங்கினேன். டயர் 195/55 ஆர்16. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். 105 குதிரைசக்திதான். ஆனால் என் சம்பளத்துக்கு இதுதான் ஸ்போர்ட்ஸ் கார். தினமும் பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். லீவு நாளில் குற்றாலம், செங்கோட்டை, அப்படியே ஆரியங்காவு வரை.

போன செவ்வாய் சாயங்காலம் திடீரென்று ஒரு புரட்டாசி மழை. வாகைக்குளம் தாண்டி வரும்போது முன்னால் போன உப்பு லாரி பிரேக் போட்டது. நானும் மிதித்தேன். ஏபிஎஸ் காலுக்கடியில் டகடகவென்று உதைக்கிறது, வண்டி அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. ஒருவழியாக நின்றபோது லாரிக்குப் பின்னால் தொங்கிய எலுமிச்சம்பழத்தில் எத்தனை மிளகாய் என்று எண்ண முடிந்தது.

வீட்டுக்கு வந்து அளந்தேன். முன் டயரில் பட்டன் (மேற்பரப்புப் பள்ளத்தின் ஆழம்) 2 மி.மீ., பின்னால் 4. கடையில் கேட்டால், "முன்வீல் இழுக்கிற வண்டிதானே, விலை கூடின பெர்ஃபார்மன்ஸ் டயரா ரெண்டு முன்னால போடுங்க, பின்னாடி இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்கிறார். இரண்டுக்கு 21,000. இன்னும் ஆறாயிரம், ஏழாயிரம் சேர்த்தால் நடுத்தர டயர் நான்கும் வந்துவிடுகிறது. ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும். எது சரி?

செங்கோட்டை வளைவு

கடைக்காரர் சொன்னதுதான் சரி. இந்த வண்டியில் இழுப்பதும் முன்சக்கரம், திரும்புவதும் முன்சக்கரம், பிரேக்கில் பெரும்பங்கும் முன்சக்கரம். பின்சக்கரம் சும்மா கூட வருகிறது. காசு வேலை செய்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். என் வண்டியில் நான் அப்படித்தான் போட்டிருக்கிறேன். புளியரை எஸ் வளைவில் ஸ்டியரிங்கைத் தொட்டால் மூக்கு உள்ளே போகும், அந்தச் சுகத்தை நடுத்தர டயர் தராது. உள்ளூர் கம்பெனி டயர் எல்லாம் மரக்கட்டை தம்பி. அதை நான்கு வாங்குவதற்கு இருக்கிறதையே ஓட்டலாம்.

டயர்க்கடை அண்ணாச்சி

வண்ணாரப்பேட்டையில் இருபத்தாறு வருஷம் டயர் மாட்டிய கை இது, இப்போது ஓய்வு. செங்கோட்டைத் தம்பி சொல்வதைக் கேட்டால் மழையில் சுற்றுவீர்கள்.

இரண்டே இரண்டு புது டயர் வாங்கினால் அது பின்னால்தான் போக வேண்டும். முன்வீல் வண்டியானாலும் சரி, பின்வீல் வண்டியானாலும் சரி. பெரிய டயர் கம்பெனிகள் எல்லாம் இதைத்தான் சொல்கின்றன. காரணம் எளிது. தண்ணீரில் முன் டயர் பிடி விட்டால் ஸ்டியரிங் லேசாகிவிடும், கைக்கு உடனே தெரியும். ஆக்சிலரேட்டரை விட்டால் வேகம் குறைந்து பிடி திரும்ப வரும். பின் டயர் பிடி விட்டால் கைக்கு ஒன்றும் தெரியாது, இடுப்புக்குத்தான் தெரியும். தெரிகிற நேரத்தில் வண்டி பாதி திரும்பியிருக்கும்.

எங்கள் கடையிலேயே முன்னால் இரண்டு புதுசு போட்டுப்போன ஒருவர், நான்காம் நாள் தச்சநல்லூர்ப் பக்கம் மழையில் ஒரு வளைவு எடுத்தார். வண்டி நின்றபோது அவர் கிளம்பிய ஊரைப் பார்த்து நின்றது. யாருக்கும் அடியில்லை. டயர் மாட்டியவன் நான்தான். அவர் கேட்டார், நான் மறுக்கவில்லை. அதற்கப்புறம் யார் கேட்டாலும் மறுத்துவிட்டேன்.

செங்கோட்டை வளைவு

அண்ணாச்சி, மரியாதையோடு கேட்கிறேன். புதுசைப் பின்னால் போட்டால் அவர் முன்னால் எதை வைத்து ஓட்டுவார்? 2 மி.மீ. டயரையா? உப்பு லாரிக்குப் பின்னால் வழுக்கியது முன் டயர்தானே?

டயர்க்கடை அண்ணாச்சி

பின்னால் இருக்கும் 4 மி.மீ. டயர் முன்னால் வரும், 2 மி.மீ. குப்பைக்குப் போகும். சட்டப்படி கார் டயரில் 1.6 மி.மீ. பட்டன் இருந்தால் போதும் என்பார்கள். மழைக்கு அது பத்தவே பத்தாது.

ஆனால் நீங்கள் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிரேக் பிடிக்கப் போவது அப்போதும் பழைய டயர்தான், அதனால் தம்பியின் பிரச்சினை முழுதாகத் தீராது. அதனால்தான் நான்காக வாங்கச் சொல்கிறேன்.

வள்ளியூர் காத்து

நான் கணக்குப் பார்க்கிற ஆள். தினமும் வள்ளியூர்–நாகர்கோவில். கடினமான சாதா டயர் எனக்கு 52,000 கி.மீ. ஓடியது. என் மச்சான் ஆசைப்பட்டுப் போட்ட மென்மையான ஸ்போர்ட்ஸ் டயர் 27,000-லேயே மொட்டை. விலையோ ஒன்றரை மடங்கு. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. நம்ம ஊரில் இந்த டயரை எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள்? ஆரல்வாய்மொழியில் வேகமாகப் போனால் காற்றே வண்டியைப் பக்கத்து லேனில் வைக்கும். அம்பாசமுத்திரம் பக்கம் போனால் பாதி ரோட்டில் நெல் காய்கிறது. தாமிரபரணிக்காரனுக்குக் கார் என்றால் முதலில் நெல் போகம், அடுத்து வரும் பிசானப் போகத்துக்கு அண்ணன். அதற்கப்புறம்தான் உங்கள் போலோ. வைக்கோல் மேல் ஏறினால் எந்த டயரும் வழுக்கும்.

பாளை டர்போ

சிரித்துவிட்டேன். ஆனால் லாரி பின்னால் நின்றது நான், உங்கள் மச்சான் இல்லை.

காயல் கணக்கு

மெக்கானிக்கல் எஞ்சினியர், ரப்பர் சம்பந்தப்பட்ட வேலை. எல்லாரும் பாதி சரி.

வள்ளியூர் அண்ணன் சொல்லும் தேய்மானத்துக்குப் பல டயர்களின் பக்கத்திலேயே ஒரு எண் இருக்கும், ட்ரெட்வேர் என்று. 200 என்றால் ரேஸ் டயருக்குப் பக்கம், 300 சுற்றி என்றால் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர், 400-க்கு மேல் என்றால் நெடுநாள் உழைக்கும் ரகம். ஆனால் அந்த எண்ணைக் கம்பெனியே தன் டயரைச் சோதித்துப் போட்டுக்கொள்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும். வேறு வேறு கம்பெனிகளை ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். பக்கத்தில் இருக்கும் ட்ராக்‌ஷன் ஏஏ, ஏ என்பது ஈர ரோட்டில் நேராகப் பிடிக்கும் பிரேக்குக்கு மட்டும். வளைவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

வெளிநாட்டு வீடியோக்களில் சம்மர் டயரா, ஆல்-சீசனா என்று அடித்துக்கொள்வார்கள். அந்தச் சண்டை 7 டிகிரிக்குக் கீழே குளிர் போகிற ஊர்க்காரர்களுக்கு. நமக்கு மார்கழி விடியலிலும் அந்தக் கவலை கிடையாது. நமக்கு இருப்பது இரண்டே சங்கதி: வெயில், தேங்கிய தண்ணீர்.

தண்ணீருக்கு நாசா ஆய்வில் வந்த ஒரு பழைய கணக்கு உண்டு. டயர் காற்றழுத்தத்தின் (பிஎஸ்ஐ அளவில்) வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், மொட்டை டயர் தேங்கிய தண்ணீரின் மேல் மிதக்க ஆரம்பிக்கும் வேகம் கிடைக்கும். 32 பிஎஸ்ஐ என்றால் மணிக்குச் சுமார் 94 கி.மீ. 25 பிஎஸ்ஐ என்றால் 83. பட்டன் ஆழமாக இருந்தால் தண்ணீர் வழிய இடம் கிடைத்து அந்த வேகம் கூடும். டர்போ தம்பி, அன்றைக்கு உங்கள் டயரில் காற்று எவ்வளவு? விடியற்காலையில், வண்டி எடுக்கும் முன் பார்த்தீர்களா? (2023 டிசம்பரில் எங்கள் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்ததே, அதற்கு இந்தக் கணக்கு செல்லாது. அன்றைக்குப் படகுதான்.)

உள்ளூர் டயர் மரக்கட்டை என்பது பழைய கதை. எம்ஆர்எஃப் 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த கம்பெனி. 2022-இல் எஃப்ரேன் யரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனது அவர்கள் டயரில்தான். அப்போலோ 2009-இல் நெதர்லாந்தின் வ்ரெடஸ்டைனையே வாங்கிவிட்டது. போதாததற்கு 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. அதற்கப்புறம், கேட்ட வெளிநாட்டு மாடல் கேட்ட அளவில் கடையில் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

செங்கோட்டை வளைவு

ராலி டயரையா கடையில் விற்கிறார்கள்? அது வேறு ரப்பர், வேறு உடம்பு. உங்கள் கணக்கில் பிரேக்கும் தண்ணீரும் மட்டும்தான் வருகிறது எஞ்சினியர் சார். டயரின் சைடு எவ்வளவு விறைப்பு, ஸ்டியரிங் திருப்பியதும் வண்டி எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது, பிடி விடும் முன் கைக்கு ஒரு சேதி வருகிறதா, இதெல்லாம் எந்த எண்ணிலும் இல்லை. ஓட்டத்துக்காகத்தானே ஜிடி வாங்கினார்?

சரி, ஒரு படி இறங்கி வருகிறேன். இப்போது நல்லது இரண்டு, தை மாசம் அதே மாடலில் இன்னும் இரண்டு.

காயல் கணக்கு

சைடு விறைப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அது எண்ணில் வராது. ஆனால் தை மாசம் வாங்கினால் மழை முடிந்திருக்கும்.

வள்ளியூர் காத்து

17 இஞ்ச் அலாய், 215/45 போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். இங்கே எழுதப் பயம் போல.

டயர்க்கடை அண்ணாச்சி

பயப்பட வேண்டியதுதான். இப்போது சைடு உயரம் 107 மி.மீ., அவர் சொல்வதில் 97. அந்த ஒரு சென்டிமீட்டர்தான் கே.டி.சி. நகர்ப் பள்ளத்துக்கும் வீல் டிஸ்க்குக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளே நூல் அறுந்து சைடில் எலுமிச்சம்பழம் மாதிரிப் புடைத்துக்கொண்டு வரும் டயரை கடையில் இருந்தபோது மழைக்காலத்தில் வாரத்துக்குக் குறைந்தது மூன்று பார்ப்பேன்.

டர்போ தம்பி, ஒன்று செய்யுங்கள். பின் டயர் இரண்டிலும் தேதியைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். வெளிப்பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் இருக்கும்.

பாளை டர்போ

அண்ணாச்சி, பார்த்துவிட்டேன். வெளிப்பக்கம் இரண்டிலும் ஒன்றும் இல்லை. சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, ஃபோன் டார்ச்சை அடித்து, சேறு காய்ந்திருந்த இடத்தை எச்சில் தொட்டுத் துடைத்தேன். இடது டயரில் 3118. வலது டயரில் 1115.

வண்டி 2018. டயர் 2015.

என்னிடம் விற்றவர் ஏதோ பழைய டயரை வாங்கி மாட்டிக் கொடுத்திருக்கிறார். 4 மி.மீ. பட்டன் இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டது அந்த டயரைத்தான். நகத்தால் அழுத்தினேன், கொட்டாங்கச்சி மாதிரி இருக்கிறது. பட்டனுக்கு நடுவில் மயிரிழையாக வெடிப்பு. காற்று இன்று காலையில் நான்கிலும் 25, 26.

டயர்க்கடை அண்ணாச்சி

அதை முன்னால் மாட்டச் சொன்னேனே. நல்லவேளை.

பாளை டர்போ

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நான்கும் மாற்றியாகிவிட்டது. உள்ளூர் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் வரிசை, அதே 195/55 ஆர்16, 87வி (சுமை, வேகக் குறியீடு). அலைன்மென்ட், பேலன்சிங் சேர்த்து 28,400. கடையில் முதலில் எடுத்து வைத்த நான்கில் ஒன்று மற்றதைவிட ஒன்றரை வருஷம் பழசு. மாற்றிக் கொடுங்கள் என்றதும் முகம் சுருங்கியது, ஆனால் கொடுத்துவிட்டார். நைட்ரஜன் வேண்டுமா என்றார், காற்றிலேயே 78 சதவீதம் அதுதானே என்றேன். மறுபடி முகம் சுருங்கியது.

நேற்று ராத்திரி தூறலில் வாகைக்குளம் பக்கம், பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து 60-இல் ஒரு தடவை அழுத்தி மிதித்தேன். நின்றது. செங்கோட்டை அண்ணே, நீங்கள் சொன்னதும் உண்மைதான், ஸ்டியரிங் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கிறது.

செங்கோட்டை வளைவு

நான் சொன்னது பின் டயர் பின் டயராக இருந்தால்! 2015 டயரை வைத்துக்கொண்டு யாராலும் வாதாட முடியாது. சரி, முந்நூறு கிலோமீட்டர் ஓடிப் புது டயரின் வழவழப்பு போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை புளியரைக்கு வாருங்கள். என் வண்டி, உங்கள் வண்டி, இரண்டையும் மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அண்ணாச்சியையும் கூட்டி வாருங்கள்.

வள்ளியூர் காத்து

எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று 2 மி.மீ. வந்ததும் இதே இடத்தில் எழுத வேண்டும். மறக்கக் கூடாது.

பாளை டர்போ

எழுதுகிறேன். அண்ணாச்சி, பழைய டயர் நான்கும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. ஒருவர் அந்த 4 மி.மீ. டயர் இரண்டையும் தன் காருக்குக் கேட்கிறார். இரண்டுக்கும் ஆயிரம் ரூபாய் தருகிறாராம்.

டயர்க்கடை அண்ணாச்சி

காருக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். தினமும் தூத்துக்குடி போகிறீர்களே, மீன்பிடித் துறைமுகத்தில் விசாரியுங்கள், படகு ஓரத்தில் கட்டுவதற்கு வாங்குவார்கள். அங்கே தேதி பார்க்க மாட்டார்கள்.