புதுப்பிப்பு: வெள்ளம் புகுந்த வேளச்சேரி வீடு

மிக்ஜாம் புயல் வெள்ளம் (டிசம்பர் 2023) வடிந்ததும், தரைத்தளச் சுவருக்கு உடனே பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டிருந்தேன். பலரும் வேண்டாம் என்றீர்கள். சுவரைக் காயவைக்கும் வேலைக்கு வந்தவரும் அதையேதான் சொன்னார். ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் சுவரில் பதித்துக் காட்டினார்: கைக்குக் காய்ந்ததுபோல் இருந்த இடத்திலும் உள்ளே நல்ல ஈரம். தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலேயும் செங்கல் உறிஞ்சியிருந்தது.

எலக்ட்ரீஷியன் சுவிட்ச் பெட்டிகளைக் கழற்றிப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுத்தார்கள். அப்புறம் உப்பு பூத்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஜன்னல்களை அடைத்து ஈரமுறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டார்கள். "திறந்து வைக்க வேண்டாமா?" என்றேன். "வெளிக்காற்றிலேயே ஈரம் சார், இது தெருவையும் சேர்த்தா காயவைக்கும்?" என்றார் வேலைக்கு வந்தவர். சரிதான்.

பிளைவுட் அலமாரி போச்சு. அடிப்பலகை வடைபோல உப்பிவிட்டது. தேக்குக் கதவு தப்பியது. பெயிண்ட் பங்குனிக்குத்தான்.