உரம் ஏற்றும் ஏடிவி செயினுக்கு எந்த எண்ணெய்? துருவும் செம்மண்ணும் சேர்ந்து தின்கிறது

மெலிந்தாங்_செம்பனை:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். மலேசியாவில் பேராக், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் ஓடும் 200 சிசி சீன ஏடிவி (நாலு சக்கர மோட்டார் வண்டி) இது. செயின் 428 அளவு, ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இல்லாத சாதா வகை. பின் கேரியரில் ஒரு 50 கிலோ உர மூட்டை ஏறும். பாதி வழி லாட்டரைட் கொட்டிய செம்மண் சாலை. உள்ளே போனால் கறுப்புக் கம்புட் மண் (ஈரம் பிடித்த மக்கு மண்), வாய்க்கால் ஓரம் எப்போதும் ஈரம்.

மோட்டார் கடையில் கிடைக்கும் வெள்ளை நிற ஒட்டும் ஸ்ப்ரேயை வாரம் ஒருமுறை அடிக்கிறேன். இரண்டே நாளில் செயின் மேல் செம்மண் பசை அப்பிக்கொள்கிறது. மூன்று நாள் சும்மா நிறுத்தினால் பக்கத் தகடுகளில் துரு. நாலைந்து கண்ணிகள் மடங்காமல் விறைத்து நிற்கின்றன, ஓட்டும்போது டக் டக் என்று சத்தம். கேள்வி மூன்று: ஸ்ப்ரே பிராண்டை மாற்ற வேண்டுமா? வெர்க்‌ஷாப்பில் சும்மா தரும் பழைய மின்யாக் ஹீத்தாம் (எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு எண்ணெய்) ஊற்றலாமா? ஓ-ரிங் செயினுக்கு மாறினால் தீருமா?

கியர்90:
தம்பி, பிராண்டு அப்புறம். அந்த ஸ்ப்ரே உள்ளே போகிறதா என்று முதலில் பாருங்கள். செயின் நீள்வது தகடு இழுபட்டு அல்ல. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின் (ஊசி), அதைச் சுற்றி ஒரு புஷ் (சிறு குழல்), புஷ்ஷின் மேல் ரோலர். பின்னும் புஷ்ஷும் உரசித் தேயும் இடத்தில் எண்ணெய் இல்லையென்றால், வெளியே எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் பயனில்லை. ஓ-ரிங் செயினில் அந்த இடத்தில் கிரீஸைத் தொழிற்சாலையிலேயே வைத்து ரப்பர் வளையத்தால் மூடிவிடுகிறார்கள். உங்கள் சாதா செயினில் அது திறந்த வீடு. எண்ணெய் புகும் வழியாகத்தான் தண்ணீரும் மண்ணும் புகும்.

ஒட்டும் ஸ்ப்ரே தார்ச் சாலையில் வேகமாக ஓடும் மோட்டார் சைக்கிளுக்குச் செய்த சரக்கு. சிதறாமல் ஒட்டிக்கொள்வதுதான் அதன் குணம், அதே குணம்தான் இங்கே எதிரி. அதில் உள்ள கரைப்பான் ஆவியானதும் பிசினாக நிற்கும், லாட்டரைட் தூள் வந்து ஒட்டும், பிறகு அது எண்ணெய் இல்லை, அரைக்கும் சாந்து. கழுவாமல் அதன் மேலேயே வாரா வாரம் அடித்தால் புது எண்ணெய் அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே போகவே போகாது.

உங்கள் செயினுக்கு என் தேர்வு எஸ்ஏஇ 80 அல்லது 90 கியர் எண்ணெய். பல மோட்டார் கையேடுகளே செயினுக்கு இதைச் சொல்கின்றன. உள்ளே ஊறும், சிதறும், மண்ணைக் கொஞ்சம் கழற்றிக்கொண்டே போகும். சிதறுவது குறையல்ல, அடிக்கடி ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். அளவு: ஒரு ரோலருக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சொட்டு. நூறு கண்ணிச் செயினுக்கு 200 சொட்டு, ஏறக்குறைய 10 மி.லி. ஒரு லிட்டர் டப்பா நூறு தடவை வரும். மெல்லிய மூக்குள்ள பிளாஸ்டிக் குப்பியில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மெழுகு வகை ஸ்ப்ரே வறண்ட செம்மண் சாலைக்கு நல்லது, தூசு ஒட்டாது. ஆனால் திறந்த செயின் கம்புட் தண்ணீரில் முழுகினால் மெழுகு உள்ளே காப்பாற்றாது. மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை பலமாக இறங்கும்போது மெழுகை மறந்துவிடுங்கள்.

பட்டறை_பீடோர்:
பழைய மின்யாக் ஹீத்தாம் பற்றி: தோட்டங்களில் எல்லாரும் அதைத்தானே ஊற்றுகிறார்கள்? வாரம் இரண்டு தடவை தாராளமாக ஊற்றினால் துரு வராது, செலவும் இல்லை.

கியர்90:
@பட்டறை_பீடோர் அண்ணே, துரு வராது என்பது ஓரளவு உண்மை, ஒன்றுமே ஊற்றாமல் விடுவதற்கு அது மேல். ஆனால் எஞ்சினிலிருந்து இறக்கிய எண்ணெயில் இரும்புப் பொடி, கரி, எரிபொருள் எரிந்து உண்டான அமிலம் எல்லாம் இருக்கிறது. எஞ்சினைக் காப்பாற்றத்தான் அதை இறக்குகிறோம். அதையே வடிகட்டாமல் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே அனுப்பினால் தேய்மானத்தை நாமே ஊட்டுகிறோம். வாய்க்கால் ஓரத்தில் ஓடும் வண்டி, சொட்டுவதெல்லாம் தண்ணீரில்தான் கலக்கும், அதையும் பார்க்க வேண்டும். கியர் எண்ணெய் கிடைக்காத நாளில் புது எஞ்சின் எண்ணெய் ஊற்றலாம், சீக்கிரம் சிதறிவிடும். சமையல் செம்பனை எண்ணெய் வேண்டவே வேண்டாம், காற்றுப்பட்டுப் பிசினாகி மண்ணைப் பிடித்து வைக்கும்.

உப்புக்காற்று:
துருவுக்கான காரணத்தை யாரும் தொடவில்லை. தம்பி ஏற்றுவது உரம்! செம்பனைக்குப் போடும் எம்ஓபி என்பது பொட்டாசியம் குளோரைடு. எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு குளோரைடு, இரும்பைத் தின்பதில் கடல் உப்புக்கு இளைத்ததல்ல. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 84 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும். நம் ஊர் இரவில் அந்த ஈரப்பதம் சாதாரணம். அதாவது மழையே பெய்யாவிட்டாலும், மூட்டையிலிருந்து கொட்டிய தூள் செயினில் இருந்தால் ராத்திரி கொட்டகையில் நின்றபடியே உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. அம்மோனியம் சல்பேட்டும் இப்படித்தான்.

இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. உப்பு மண்ணெண்ணெயில் கரையாது, எண்ணெயிலும் கரையாது. மண்ணெண்ணெயால் பளபளவென்று துடைத்து எண்ணெய் போட்டாலும் இடுக்கில் உள்ள உப்பு அப்படியே எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்திருக்கும். ஆகவே உரம் ஏற்றிய நாளில் முதலில் பச்சைத் தண்ணீர்தான்.

முறை இது. எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஏடிவியில் பின் அச்சு ஒரே தண்டு என்பதால் இரண்டு பின் சக்கரமும் சேர்ந்துதான் சுற்றும், இரண்டையும் தரையிலிருந்து தூக்கி மரக்கட்டை வைத்து நிறுத்துங்கள், முன் சக்கரத்துக்கும் அடை கொடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயினுக்கு எண்ணெய் காட்டுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் (செயின் ஓடும் பல்சக்கரம்) போய்விடும். சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள்.

தோட்டக் குழாய்த் தண்ணீரைச் சாதாரண வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் விட்டால் போதும். பிரஷர் ஜெட் வேண்டாம், மண்ணை உள்ளே தள்ளும், அச்சு பேரிங்கின் சீலையும் கெடுக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, டபிள்யூடி-40 மாதிரி ஈரம் விரட்டும் ஸ்ப்ரேயை ஒரு சுற்று அடித்தால் இடுக்குத் தண்ணீர் வெளியேறும். அதன் வேலை அதோடு முடிந்தது, அதையே செயின் எண்ணெயாக நினைத்து விட்டுவிடாதீர்கள், நிலைக்காது. 15 நிமிடம் காய்ந்ததும் கியர் எண்ணெய்.

பசை ஏறியிருந்தால் மட்டும், தண்ணீருக்குப் பிறகு 200 மி.லி. மண்ணெண்ணெயும் மென்மையான நைலான் பிரஷ்ஷும். கம்பி பிரஷ் வேண்டாம். பெட்ரோல், தின்னர், பிரேக் கிளீனர் இவை ஓ-ரிங் ரப்பரைக் கெடுக்கும், சாதா செயினுக்கும் தீ ஆபத்து சும்மா வருவதில்லை.

கியர்90:
@உப்புக்காற்று சொன்ன வரிசையை அப்படியே பிடியுங்கள், தண்ணீர்தான் முதலில். எண்ணெய் ஊற்றும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை: செயினின் கீழ் ஓட்டத்தில், உள் பக்கத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட் பல் தொடும் பக்கத்தில் ஊற்றுங்கள். சக்கரம் சுற்றும்போது எண்ணெய் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு ரோலர் வழியாக ஊறும். மேலே ஊற்றினால் மண்ணுக்குத்தான் தீனி. ஓடி நிறுத்திய சூட்டோடு ஊற்றினால் இன்னும் நன்றாக இறங்கும். மாலையில் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வெளித் தகடுகளை உலரத் துடைத்துவிடுங்கள். துடைப்பதைத் தவறவிடாதீர்கள், வெளியே நிற்கும் எண்ணெய்க்கு மண் பிடிப்பதைத் தவிர வேறு வேலையில்லை.

இன்னொன்று, பல ஏடிவிகளில் பின் பிரேக் டிஸ்க்கும் அதே அச்சில் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஊற்றும்போதும் ஸ்ப்ரே அடிக்கும்போதும் நடுவில் ஒரு அட்டையைச் சொருகுங்கள். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் மூட்டையோடு வாய்க்கால் பாலத்தில் இறங்கும்போது வண்டி நிற்காது.

முன் ஸ்ப்ராக்கெட் மூடியை மாதம் ஒரு தடவை கழற்றுங்கள். பழைய ஸ்ப்ரே, மண், செம்பனை நார், கொடி எல்லாம் உருண்டு அடைத்து, எஞ்சினிலிருந்து வெளியே வந்து ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும் வெளித்தண்டின் ஆயில் சீலை அறுக்கும். அங்கே கசிவு தொடங்கினால் சீல் மாற்ற வேண்டியிருக்கும்.

மெலிந்தாங்_செம்பனை:
தண்ணீர், மண்ணெண்ணெய் இரண்டும் விட்டுச் சுத்தம் செய்துவிட்டேன். இரண்டு கண்ணி இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது. தேய்மானத்தை எப்படி அளப்பது?

உப்புக்காற்று:
செயினைக் கீழே இழுத்து இறுக்கமாக்கி, 21 பின்களை எண்ணி முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடு வரை அளங்கள், அதில் 20 கண்ணி இடைவெளி வரும். 428 செயினில் ஒரு இடைவெளி 12.7 மி.மீ., ஆகப் புதுச் செயின் 254 மி.மீ. இரண்டு சதவீதம் நீண்டால் 259, அதோடு விடைகொடுக்க வேண்டும். 520 செயினென்றால் இடைவெளி 15.875, புதிதில் 317.5, எல்லை ஏறக்குறைய 324. மூன்று நாலு இடத்தில் அளந்து பெரிய அளவை எடுங்கள், செயின் ஒரே சீராகத் தேயாது. பின் ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் பின்னோக்கி இழுத்தால் பல்லில் பாதி வெளியே தெரிகிறது என்றாலும் கணக்கு முடிந்தது.

மெலிந்தாங்_செம்பனை:
அளந்தேன். ஒரு இடத்தில் 260, இன்னொரு இடத்தில் 262. முன் ஸ்ப்ராக்கெட் பல் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது.

கியர்90:
262 என்றால் மூன்று சதவீதத்துக்கு மேல். எந்த எண்ணெயும் இனி திருப்பித் தராது. செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். வளைந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது ஆரம்பத்திலிருந்தே தவறான இடைவெளியில் உட்கார்ந்து வேகமாகத் தேயும்.

ஓ-ரிங்குக்கு மாறலாமா என்றீர்கள். உங்கள் இடத்துக்கு அது நல்ல முடிவு, கிரீஸ் உள்ளே மூடியிருப்பதால் கம்புட் தண்ணீர் பின்னைத் தொடாது. ஆனால் வளையங்களுக்காகச் செயின் கொஞ்சம் அகலமாக இருக்கும். முன் ஸ்ப்ராக்கெட் மூடியிலும் ஸ்விங்ஆர்மிலும் (பின் அச்சைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) உரசுமா என்று வாங்குமுன் பாருங்கள். ஓ-ரிங் போட்டாலும் எண்ணெய் உண்டு: ரோலருக்கும், வளையம் காயாமல் இருக்கவும். அளவு பாதி போதும், வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவிலுள்ள வளையத்தின் மேல் படட்டும். உப்புக் கழுவும் வேலை அப்படியே தொடரும், தகடு இரும்புதானே.

புதுச் செயினில் இருக்கும் தொழிற்சாலை கிரீஸை மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவ வேண்டாம், மேல்பூச்சை மட்டும் துணியால் துடையுங்கள். மாஸ்டர் லிங்க் (செயினின் இரு முனையையும் சேர்க்கும் கண்ணி) கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த பக்கம் முன்னே இருந்தால் கிளை, நார் எதிலாவது மாட்டிக் கிளிப் தெறித்துவிடும்.

தொய்வு: வண்டிக் கையேட்டு அளவுதான் சட்டம், பல ஏடிவிகளில் 25 முதல் 35 மி.மீ. வரும். சக்கரத்தைச் சுற்றி மிக இறுக்கமான இடத்தில் அளங்கள். பின் அச்சின் பேரிங் கூட்டைப் பிடிக்கும் போல்டுகளைத் தளர்த்தி, கூட்டிலுள்ள துளையில் கம்பியைச் செருகிச் சுழற்றினால் அச்சு முன்பின் நகரும். சில வண்டிகளில் இழுவை நட்டு இருக்கும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் ஊசி, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுகும், 50 கிலோ மூட்டையும் ஆளும் ஏறினால் அந்தக் கோட்டை நெருங்கிவிடும். வெறும் வண்டியில் விறைப்பாக வைத்தால் பாரத்தில் அது வெளித்தண்டு பேரிங்கை இழுத்து உடைக்கும். ஆகவே இறுக்கி முடித்ததும் மூட்டையை ஏற்றி, ஒருவரை உட்கார வைத்து, அப்போதும் செயின் சிறிதாவது ஆடுகிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு மணி நேரம் ஓடியதும் மறுபடி அளங்கள், புதுச் செயின் கொஞ்சம் தளரும்.

உப்புக்காற்று:
இடைவெளி பற்றியும் சொல்லிவிடுகிறேன். உரம் ஏற்றினாலும் கம்புட் தண்ணீரில் இறங்கினாலும் அன்றைக்கே தண்ணீர், துடைப்பு, எண்ணெய். வெறும் செம்மண் சாலை ஓட்டம் மட்டும் என்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். மூட்டையைக் கேரியரில் வைக்கும்போது அடியில் ஒரு தார்ப்பாயை விரித்து ஓரங்களை மேலே மடக்கிக் கட்டிவிட்டால், கிழிந்த மூட்டையிலிருந்து தூள் நேரே செயின் மேல் கொட்டாது.

மெலிந்தாங்_செம்பனை:
நன்றி அண்ணே. 428 ஓ-ரிங் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சொல்லி வைத்துவிட்டேன், 90 கியர் எண்ணெய் ஒரு லிட்டரும் வாங்கிவிட்டேன். பழைய செயினைக் கண்ணி எண்ணித்தான் புதியதை வெட்ட வேண்டுமா, இல்லை அச்சை நடுவில் வைத்துச் சுற்றி அளப்பதா?

கியர்90:
எண்ணிக்கைதான், தம்பி. பழையது நீண்டிருப்பதால் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்து வெட்டினால் ஒரு கண்ணி கூடிவிடும். ஸ்ப்ராக்கெட் பல் எண்ணிக்கை மாறாதவரை பழைய கண்ணி எண்ணிக்கையே போடுங்கள், மாஸ்டர் லிங்க்கையும் ஒரு கண்ணியாகச் சேர்த்து எண்ணுங்கள். அச்சு மாட்டும்போது அதை முன்பக்கமாகவே வைத்துத் தொடங்கினால் பின்னால் இறுக்க இடமிருக்கும்.