மறு: ‘ஆப்ஸ்’ – பின்வளைவு சரிப்படுமா?

அன்புள்ள ஐயா,

கிறிஸ்தவக் கோயில் கட்டடக்கலையின் ‘ஆப்ஸ்’ (apse) என்ற சொல்லுக்கு நம் குழு தமிழ் தேடும் இழையில் நீங்கள் எழுதியதற்குப் பதில் இது.

> பீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் பகுதிதானே? ‘பின்வளைவு’ போதும்.

‘ஆப்ஸ்’ என்றே விட்டால் கைப்பேசிச் செயலி என்று நினைத்துக்கொள்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கட்டுரையில் பின்வளைவு முதல் பத்தியிலேயே உதைக்கிறது.

தென்ஜெர்மனியில் போடன் ஏரிக்குள் ரைஹெனாவ் தீவு. அதில் ஓபர்ட்செல் என்ற சிற்றூரின் புனித ஜார்ஜ் கோயிலைப் பற்றிய கட்டுரை அது. 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூன்றாம் ஹாட்டோ என்ற மடாதிபதி எழுப்பியது. 896-இல் போப் ஃபோர்மோசஸ் தந்த புனித ஜார்ஜின் திருப்பண்டத்தை (புனிதரின் எச்சமாகப் போற்றப்படும் பொருளை) வைக்கத்தான் கோயிலே. நடுக்கூடத்துச் சுவர்களில் இயேசு செய்த எட்டு அற்புதங்கள், 10-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள்.

இங்கே பீடம் இருக்கும் கிழக்குப் பக்கம் நேர்ச்சுவராக முடிகிறது. அரைவட்டம் இருப்பது மேற்கே. அதைத் திறந்துதான் வாசல் வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குள் வருகிறவர் முதலில் தாண்டுவதே ‘பின்வளைவை’ என்று எழுதினால் வாசகர் என்னைத்தான் திட்டுவார். ‘கருவறை வளைவு’ம் இதே இடத்தில் விழுகிறது.

> தூங்கானை மாடம் இருக்க, புதுச்சொல் எதற்கு?

எனக்கும் முதலில் அதே ஆசைதான். திருப்பெண்ணாகடத்துக் கோயிலைச் சம்பந்தர் அந்தப் பெயராலேயே பாடியிருக்கிறார்; படுத்த யானையின் பின்புறம் கேட்டவுடன் கண்ணில் நிற்கிறது. ஆனால் அது முழுக்கட்டடத்தின் வடிவத்துக்குப் பெயர். ஆப்ஸ் ஓர் உறுப்பு மட்டும். ஜெர்மனியின் பழைய கோயில்கள் சிலவற்றில் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு உண்டு. யானைக்கு இரண்டு பின்புறமா?

என் முன்மொழிவு ‘பிறைமாடம்’. பழைய வீட்டுத் திண்ணைச் சுவரில் அகல் வைக்கும் மாடப்பிறையை நினைத்துப் பாருங்கள்: கீழே வளைந்த தட்டு, மேலே குவிந்த கூரை, அதில் படிந்த புகைக்கரி. அதையே நாலு ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினால் ஆப்ஸ்தான். கிரேக்க மூலச்சொல்லுக்கும் வளைவு என்றே பொருள்.

அன்புடன்

---

> ‘பிறைமாடம்’

தம்பி, சொல் அழகு. ஆனால் சுவரில் சிலை வைக்கும் குழிவோடு குழம்பாதா? பிறை வேறு, அரைவட்டம் வேறு என்று கணக்கு வாத்தியார் யாராவது கிளம்புவாரே?

---

ஐயா, சிலைக் குழிவுக்குக் ‘கோட்டம்’ இருக்கிறதே. தேவகோட்டம் என்று கல்வெட்டுக்காரர்கள் தினமும் எழுதுகிறார்கள். கணக்கு வாத்தியாருக்கு என்னிடம் பதில் இல்லை. ‘பிறைநுதல்’ என்று எழுதிய புலவர்களிடம் அவரை அனுப்பிவிடலாம்.

அந்தக் கோயிலில் 14-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று உண்டு. பேய்கள் ஒரு மாட்டுத்தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பெண்கள் கோயிலில் பேசும் வம்பை அதில் எழுதுகின்றன. வம்பு பெண்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்த ஓவியர் நம் குழுவைப் பார்த்ததில்லை.

பிறைமாடத்துக்கு மறுப்பு வேறு இல்லையென்றால் கட்டுரையில் போட்டுவிடுகிறேன். அடுத்து, பீடத்துக்கு அடியில் நான்கு தூண்களோடு இருக்கும் அறை, ‘கிரிப்ட்’ (crypt). ‘நிலவறை’ என்றால் நகைப்பெட்டி ஞாபகம் வருகிறது. தனி இழையாகத் தொடங்கட்டுமா?