மைவி அப்சார்பர்: பழையபடியே போடுவதா, ஸ்போர்ட்ஸ் போடுவதா?

பாலிக்புலாவ்காரன்:

வணக்கம். என் கார் 2012 பெரோடுவா மைவி 1.3 ஆட்டோ கியர், மீட்டரில் 174,000 கிலோமீட்டர். சக்கரத்துக்கு ஒன்றாகக் காரின் ஆட்டத்தை அடக்கும் அப்சார்பர் நான்கும் கார் வாங்கியபோது இருந்ததுதான், இதுவரை கை வைத்ததில்லை. தினமும் புக்கிட் கெந்திங் மலை வளைவுகளில் ஏறி இறங்கித்தான் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறேன். மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க ஈப்போ. பினாங்குப் பாலத்தில் அந்த இணைப்புகள் மேல் ஏறினால் கார் தொட்டில் மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் அடங்குகிறது. போன வாரம் பின்சீட்டில் பையனுக்கு வாந்தியே வந்துவிட்டது (அதில் பாதி நாசி கண்டார் சோற்றின் வேலையாகவும் இருக்கலாம்). வேகத்தடையில் இறங்கும்போது முன் இடது பக்கம் கடக் கடக் என்று சத்தம் வேறு.

பட்டறையில் காரின் மூக்கை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்துவிட்டு "நாலும் போச்சு" என்றார்கள். கயாபா பிராண்டில் சாதாரண ரகம் நான்கும் கூலியோடு 750 வெள்ளி (ரிங்கிட்). இன்னும் 350 போட்டால் கெட்டியான ஸ்போர்ட்ஸ் ரகம், காரும் கொஞ்சம் இறங்கி அழகாக இருக்கும் என்கிறார்கள். என் மச்சான் ஒரு படி மேலே போய், திருகி மாற்றியமைக்கும் அட்ஜஸ்டபிள் போடச் சொல்கிறார். இந்தக் காரை இன்னும் நான்கு வருடமாவது ஓட்டியாக வேண்டும். என்ன செய்யலாம்?

செராஸ் கிராப்:

அண்ணே, அழகுக்கு ஆசைப்பட்டு நானும் ஒரு காலத்தில் என் பழைய புரோட்டான் சாகா காரை இறக்கினேன். ஸ்பிரிங் மட்டும் குட்டை, அப்சார்பர் பழையதே. ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, பின்பக்கம் இரண்டும் எண்ணெய் விட்டுவிட்டது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எத்தனை வேகத்தடை என்று எனக்குக் காரின் அடி வயிறு உரசித்தான் கணக்குத் தெரியும். கிராப் வாடகை ஓட்டத்தில் பயணி ஏறினால் பேசவே மாட்டார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குடும்பக் கார் என்றால் பேசாமல் சாதாரணமே போடுங்கள்.

செந்தூல் பழைய ஃபோர்மன்:

தம்பி, முதலில் ஒன்று. அப்சார்பர் மாற்றினால் கார் இறங்காது. காரைத் தூக்கிப் பிடிப்பது ஸ்பிரிங், அது ஆடாமல் அடக்குவதுதான் அப்சார்பர், உள்ளே எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் போய் வருவதால் ஆட்டத்தின் வேகம் சூடாக மாறி வெளியே போகிறது, அவ்வளவுதான். கார் இறங்கும் என்று சொன்னார்கள் என்றால் ஸ்பிரிங்கையும் மாற்றப் போகிறார்கள் என்று அர்த்தம். 350 வெள்ளிக்குள் என்ன ஸ்பிரிங் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அமுக்கிப் பார்ப்பதை நான் பெரிதாக நம்புவதில்லை. நன்றாகவே போய்விட்டது என்றால் தெரியும், பாதி போனது தெரியாது. லிஃப்டில் ஏற்றச் சொல்லி நீங்களே குனிந்து பாருங்கள். உடம்பில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் இருந்தால் பரவாயில்லை, ஈரமாக வழிந்திருந்தால் முடிந்தது. டயர் மேல் உள்ளங்கையால் தடவுங்கள், மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் சக்கரம் தரையில் ஒட்டாமல் துள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறது. அந்த நிலையில் மழையில் பிரேக் அடித்தால் நிற்கும் தூரமும் கூடும், சொகுசை விட எனக்கு அதுதான் கவலை.

கடக் கடக் சத்தம் அப்சார்பராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் சிறு தண்டு), லோவர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் ரப்பர்), மேலே இருக்கும் மவுண்டிங் (அப்சார்பரைக் காரின் உடம்போடு பிடிக்கும் ரப்பர்) எதுவாகவும் இருக்கலாம். இதைப் பார்க்காமல் நான்கையும் மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அப்புறம் புது அப்சார்பர் டூப்ளிகேட் என்று திட்டுவார்கள்.

மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள், முன் இரண்டு அல்லது பின் இரண்டு. முன்பக்கம் ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒன்றாகக் கோத்த ஸ்ட்ரட், ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற வேண்டும், கூலி அங்கேதான் போகிறது. அதனால் மவுண்டிங், பம்ப் ஸ்டாப் (முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்), தூசி உறை எல்லாவற்றையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். ஐம்பது அறுபது வெள்ளி மிச்சம் பிடித்து, ஆறு மாதத்தில் மறுபடி கழற்றக் கூலி கொடுக்காதீர்கள். பின்பக்கம் ஸ்பிரிங் தனி, வேலை சுலபம். ஆனால் கீழ் போல்ட்டைக் கார் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும், தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பல இடத்தில் இதைச் செய்வதில்லை. ஹாஃப்கட் கடையில் வெட்டிய பழைய காரிலிருந்து எடுத்த சாமானும், எண்ணெய் மாற்றி வெல்டிங் அடித்து விற்பதும் வேண்டாம்.

மலைப்பாதை:

ஃபோர்மன் அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஸ்போர்ட்ஸ் என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். நான் ஒரிஜினல் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு கொஞ்சம் கெட்டியான அப்சார்பர் மட்டும் போட்டேன், ஜாலான் துன் சார்டோன் வளைவுகளில் கார் சாய்வது நன்றாகவே குறைந்தது. உயரம் அப்படியே. ஒட்டுப்போட்ட ரோட்டில் குலுக்கல் தெரியும், மறைக்கவில்லை. தனியாக ஓட்டுகிறவன் நான், எனக்குப் பிடித்திருக்கிறது. வாந்தி எடுக்கும் பையன் பின்னால் இருந்தால் யோசியுங்கள். அட்ஜஸ்டபிளை மட்டும் மறந்துவிடுங்கள், மலிவாக வருவதில் பெயரளவுக்குத்தான் திருகு இருக்கும்.

பாலிக்புலாவ்காரன்:

எல்லோருக்கும் நன்றி. வேறு பட்டறையில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். முன் இடது அப்சார்பர் எண்ணெய் வழிந்து கறுத்துக் கிடக்கிறது, வலது காய்ந்திருந்தாலும் கழற்றிக் கையால் அமுக்கியபோது திரும்பி வரவே இல்லை. சத்தம் அண்ணன் சொன்னபடி லிங்க்தான், அதன் முனையில் இருக்கும் பந்து மூட்டு லொடலொடவென்று ஆடியது. முன்பக்கம் இரண்டும் சாதாரண கயாபா, மவுண்டிங் எல்லாம் புதிது, லிங்க் ஒரு ஜோடி. பின்பக்கம் ஈரம் இல்லை, ஆனாலும் வயதைப் பார்த்து அதையும் மாற்றிவிட்டேன். எல்லாம் சேர்த்து 890 வெள்ளி. காரைத் தரையில் நிறுத்தி போல்ட்டை இறுக்கச் சொன்னபோது அந்தப் பட்டறை ஃபோர்மன் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் செய்தார். இப்போது பாலத்தில் ஒரே அசைவோடு அடங்குகிறது. ஸ்டீரிங் மட்டும் லேசாக இடது பக்கம் இழுக்கிறது, புதிது பழகினால் சரியாகிவிடுமா?

செந்தூல் பழைய ஃபோர்மன்:

பழகாது தம்பி. ஸ்ட்ரட்டைக் கழற்றினால் சக்கரக் கோணம் மாறும், அலைன்மெண்ட் செய்தே ஆக வேண்டும். ஈப்போ போவதற்கு முன்னால் செய்துவிடுங்கள், இல்லையென்றால் டயரின் ஓரம் தேய்ந்துவிடும்.