சேதுபதி செப்பேடுகளும் நம் வீட்டுப் பத்திரங்களும்

அன்புள்ள ஊர் சொந்தங்களுக்கு வணக்கம்.

ஊரணிக் கரை யாருக்குப் பாத்தியம் என்று போன வாரம் இங்கே பேச்சு வந்ததிலிருந்து, டாக்டர் எஸ்.எம். கமால் தொகுத்த, இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களின் செப்பேடுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆனவை. விக்கிமூலத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

செப்பேட்டில் முதலில் மன்னரின் பட்டங்கள் மூச்சு முட்ட வரும். அதைத் தாண்டினால் நமக்கு வேண்டிய விஷயம்: எந்த ஊர், யாருக்குத் தானம், நான்கெல்லை எது. ஆண்டு சகாப்தம் என்ற பழைய ஆண்டுக் கணக்கில் இருக்கும், கி.பி. ஆண்டுக்கு 78 கூட்டிக்கொள்ள வேண்டும். சகாப்தம் 1600 என்றால் கி.பி. 1678. முடிவில் சாபம்: தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக் கரையில் காராம் பசுவைக் கொன்ற தோஷத்தில் போவான். எங்கள் அப்பத்தா வரப்புச் சண்டையில் சொல்லும் அதே வார்த்தை! படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம் ஒன்று. இராமநாதபுரம் மாவட்டமே 1910இல்தான் உருவானது, மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து. அதற்கு முந்தைய கலெக்டர் ஆபீஸ் கடிதங்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடுபவர்கள் மதுரை மாவட்டத் தொகுதிகளையும் கேட்டுப் பாருங்கள். இராமநாதபுரம் என்று மட்டும் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டாம்.

மன்னர் கொடுத்ததைக் கமால் சேர்த்து வைத்துவிட்டார். நம் தாத்தாக்கள் எழுதிக்கொண்டதை யார் சேர்ப்பது? கிரையப் பத்திரம், ஒத்திச் சீட்டு (நிலத்தை அடமானம் வைத்த சீட்டு), ஜமீன் காலத்துத் தீர்வை ரசீது, கோயில் வரவு செலவு நோட்டு எல்லாம் இன்னும் பரண்மேல் டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் ஒரு கட்டுப் பத்திரங்களைக் கரையான் தின்றே விட்டது. மிஞ்சியதில் ஒரு பத்திரத்தை நல்ல எண்ணத்தோடு லேமினேட் செய்தோம். இப்போது எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது, பிரிக்கவும் முடியவில்லை. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியைத் திறந்து, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். முத்திரைத்தாள் விற்றவர் பெயரும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பத்திரம் உங்களிடமே இருக்கட்டும், படம் போதும். பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்வதை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டுப் பதினோரு பத்திரங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். நான்காவதில் ஊரணியின் கீழ்கரை எல்லையாக வருகிறது, பெரியவர்கள் ஒருமுறை பாருங்கள்.