கடைசி நாட்களில் குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்வது: கவனிக்க வேண்டியவை

குழந்தை நல மருத்துவர்:
வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று பெற்றோர் கேட்டால், நடுராத்திரியில் வலி வந்தால் கொடுக்க மருந்து கையில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் குழந்தைகளுக்கான வலி மருந்துகளை இரண்டே படிகளாக்கியது. முதலில் பாராசிட்டமால் அல்லது ஐபுப்ரோஃபென், அடுத்து நேராக மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்து. இடையில் இருந்த கோடீன் என்ற மருந்தை எடுத்துவிட்டார்கள், உடல் அதை மார்ஃபினாக மாற்றும் வேகம் குழந்தைக்குக் குழந்தை வேறுபடுவது ஒரு முக்கியக் காரணம்.

வாய்வழி மார்ஃபின் கரைசலை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். அழுத பிறகு தரலாம் என்று காத்திருந்தால் வலி முந்திக்கொள்ளும். இடையில் வலி கூடினால் கொடுக்க, நாளின் மொத்த அளவில் 5 முதல் 10 சதவீதத்தைத் தனியாக எழுதித் தருவோம். 24 மி.கி. என்றால் 1.2 முதல் 2.4 மி.கி. வரை. எடை பார்த்து இந்தக் கணக்கை மருத்துவர்தான் போட வேண்டும்.

நோய்த்தணிப்புச் செவிலியர்:
மில்லிகிராமோடு மில்லிலிட்டரையும் எழுதி வாங்குங்கள். சில கரைசலில் 5 மி.லி.க்கு 10 மி.கி., சிலவற்றில் 100 மி.கி. பாட்டில் மாறினால் பத்து மடங்கு தவறு. கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் உட்புறமாக மெதுவாக விடுங்கள்.

மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மலம் இறுகி வயிறு வலிக்கும், அதை நோயின் வலி என்று நினைத்து மார்ஃபினைக் கூட்டுவார்கள், மலச்சிக்கல் இன்னும் மோசமாகும்.

பேச முடியாத குழந்தையின் வலியை அறிய முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்று ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுங்கள், கூட்டுத்தொகை ஏற ஏற வலி அதிகம். அம்மாவுக்கு மட்டும் தெரியும் அறிகுறி இருந்தால் அதையும் வீட்டில் வைத்திருக்கும் குறிப்புத் தாளில் சேருங்கள். என்னைக் கேட்டால் அதுதான் அதிகம் உதவும்.

குழந்தை நல மருத்துவர்:
தொண்டையில் கரகரப்பு கேட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குழாயை ஆழமாக விட்டு உறிஞ்சினால் புண்பட்டு சளி கூடும். அந்தச் சத்தம் பெற்றோரைப் படுத்தும் அளவுக்கு, அரை மயக்கத்தில் இருக்கும் குழந்தையைப் படுத்துவதில்லை. சாப்பாட்டைத் திணிக்காதீர்கள், புரையேறும். உதட்டையும் வாயையும் நனைத்தால் போதும். வலிப்பு வந்தால் கொடுக்க மிடாசோலம் என்ற மருந்தைத் தந்திருந்தால், எத்தனை நிமிடம் பார்த்துவிட்டுக் கொடுப்பது என்பதும் தாளில் இருக்கட்டும்.

அதே தாளில் இரவில் அழைக்க வேண்டிய எண்ணும், மனம் மாறினால் எந்த நேரமும் வார்டுக்கு வரலாம் என்ற வரியும் இருக்க வேண்டும். மனம் மாறுவது தோல்வி அல்ல. அதற்கு ஒரு படுக்கையைத் தயாராக வைப்பது எங்கள் வேலை.